முதலாளி பக்கத்துச் சுவிட்ச்

மகனே சவரி,

டிரைவர் காதர் விளக்கை அணைக்கவில்லை. அது தானாக அணைந்தது. அந்த ஜீப்பில் விளக்கு மாட்டியவன் நீ. சுவிட்சை ஓட்டுகிறவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தவன் நீ. உப்பளக் கூலிப்பெண் முனியம்மா செத்த மறுநாள் காலையில் அதே சுவிட்சைக் கழற்றி ஓட்டுகிறவன் பக்கம் மாற்றிவிட்டு, முதலிலிருந்தே அது அங்கேதான் இருந்தது என்று போலீசாரிடம் சொன்னவனும் நீதான். இதில் ஒரு வரி பொய் என்றால் நீ ராயபுரத்துக்கு வந்து என் முகத்துக்கு நேரே சொல்லலாம். கதவு திறந்துதான் இருக்கிறது.

முதலில் இதை வீட்டுக் கடிதமாகத்தான் எழுதினேன். நீ இப்போது இருக்கிற பெஜவாடாவுக்கு அனுப்பினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன், அதற்கும் இல்லை. அதனால் எங்கள் துறைமுகச் சங்கம் மாதாமாதம் அச்சடிக்கும் தாளில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன்; நாளை அச்சாகும், ஒரு பிரதி உனக்கும் தபாலில் வரும். உன் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "ஊரே படிச்சிட்டு சிரிக்கும்யா. பெத்த புள்ளைய இப்டி நடுத்தெருவுல நிக்க வெப்பாங்களா?" என்று அழுகிறாள். அவள் அழுவது நியாயம்தான். ஆனால் காதரும் நடுத்தெருவில்தான் நிற்கிறார். அவருக்காக அழ அவர் மனைவி மட்டும்தான் இருக்கிறாள். நம் வீட்டு மானத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ள, அவர் வீட்டில் ஒரு ஆள் ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். உலகச் சண்டை முடிந்து ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட ஜீப்புகளில் ஒன்றை எண்ணூர் உப்பள முதலாளி எடுத்து வைத்திருந்தார். அமெரிக்க வண்டி, இடப்பக்கம் ஸ்டியரிங். பின்னால் ஒரு சின்ன டிரெய்லர். உப்பு மூட்டை, தண்ணீர்ப் பீப்பாய், கூலிப் பெண்கள் எல்லாம் அதில்தான். உப்பளத்தில் ரோடு கிடையாது. பாத்திகளுக்கு நடுவே மண் கரைதான் உண்டு; ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், மறுபக்கம் ஆள் உயரத்துக்குச் சரிவு. ஜீப்பின் சொந்த விளக்குகள் மங்கல். மழை திடீரென்று வந்தால் இருட்டிலும் ஆட்களைக் கொண்டுபோய் உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூட வேண்டும். அதனால் முன்பக்கத்து பம்பர் மேல் இரண்டு பெரிய விளக்கு வேண்டும் என்று உன் ஷெட்டுக்கு வண்டி வந்தது. அதுவரை நியாயமான வேலைதான். ஆனால் முதலாளிக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. தான் வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும். தெரிந்தால் உட்கார்ந்திருக்கிற கூலியாட்கள் எழுந்து நிற்பார்கள்.

அன்று நானும் ஷெட்டில் இருந்தேன். டப்பா அடியில் மிச்சமிருந்த ரெட் லெட், துருவைத் தடுக்கிற சிவப்பு பெயின்ட், கேட்டிருந்தாய், கொண்டுவந்தேன். வண்டியின் பாட்டரி பழசு, பழைய விளக்கும் புது விளக்கும் சேர்ந்து எரிந்தால் தாங்காது, ஒன்றை அணைத்தால்தான் இன்னொன்று எரிகிற மாதிரி சுவிட்ச் போடுகிறேன் என்று முதலாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தாய். உன் வேலை பற்றி நீ பேசும்போது கேட்க எனக்குப் பிடிக்கும். முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி, "அந்த சுவிட்ச் என் சைடுல இருக்கட்டும்" என்றார். நீ கொஞ்சம் தயங்கினாய். அப்புறம் வலது ஓரத்தில், அவர் வண்டியில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு மேலே வருகிற இடத்தில், ஓட்டை போட்டாய். அப்போதுதான் டிரைவர் காதர் பீடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சவரி, சுவிட்சை அந்தாண்ட கொண்டுபோய் வெச்சிகினுகீறே? என் கை இன்னா ரப்பரா, இஸ்தா நீள்றதுக்கு?"

"மொதலாளி சொன்னாரு பாய்."

"மொதலாளியா ஓட்டப் போறாரு?"

முதலாளி நாற்காலியிலிருந்தே சொன்னார்: "ஓட்டுறது நீ. வெளிச்சம் என்னுது. உன் கையில குடுத்தா, வூட்டுக்குப் போறப்பல்லாம் தண்டையார்பேட்டை பூரா வெளக்கு காட்டிகினு போவே."

"என் வூட்டுக்காரிய இருட்டுல பாத்தாத்தான் மொதலாளி ஷோக்கு" என்றார் காதர். ஷெட்டே சிரித்தது. நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். சிரிப்பில் அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. நம் பக்கத்தில் இப்படித்தான் நடக்கிறது. முதலாளி ஒரு அநியாயத்தைச் சொல்வார், தொழிலாளி அதை ஒரு தமாஷாக்கி விழுங்குவான், எல்லோரும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போவோம். ஓட்டுகிறவனுக்குத் தன் விளக்கின் மேல் அதிகாரம் இல்லை என்பது அன்று எங்கள் யாருக்கும் பயமாகப் படவில்லை.

அடுத்து நீ செய்தது ஒரு தவறு. குற்றம் என்று சொல்ல மாட்டேன், தவறு. இரண்டு விளக்கையும் சேர்த்துத் தாங்கும் இரும்புக் காலுக்கும் பம்பருக்கும் நடுவில், போல்ட்டை முறுக்கும் முன், ரெட் லெட்டைத் தடிமனாகப் பூசினாய். கப்பலில் நாங்கள் செய்வது அதுதான். துறைமுகத்தில் துரு கொத்திப் பெயின்ட் அடிக்கிற எவனும் இரண்டு இரும்பை வெறுமனே சேர்த்து முறுக்க மாட்டான். உப்புக்காற்று இடுக்கில் புகுந்து தின்றுவிடும். நீ சின்ன வயதிலிருந்து என் கையைப் பார்த்து வளர்ந்தவன். உன் கை தானாகவே டப்பாவுக்குப் போயிற்று. பக்கத்தில் நின்ற எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் விளக்குக்கு மின்சாரம் ஒரு ஒயரில் போகிறது. திரும்பி வர வேறு ஒயர் கிடையாது, வண்டியின் இரும்பு உடம்புதான் வழி; எர்த் என்று நீ சொல்வது அதைத்தான். நடுவில் பெயின்ட் இருந்தால் அந்த வழி அடைபடும். போல்ட்டின் புரி மட்டும் எங்கோ ஒரு நூல் அளவு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஷெட்டில் நின்ற வண்டியில் அது போதும், விளக்கு ஜோராக எரிந்தது. காதர் கைதட்டினார். பள்ளமும் மேடுமான மண் கரையில் குலுங்கும்போது அது போதாது.

அன்று சாயங்காலமே மேகம் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. வேலை முடிந்து வீடு போய்விட்ட பெண்களை உப்பள மேஸ்திரி போய் மறுபடி இழுத்து வந்தான். குவியல்களை மூடாவிட்டால் நாளை முதல் வேலை கிடையாது என்றான். டிரெய்லரில் ஓலைக்கட்டு, அதன் மேல் பெண்கள். முதலாளி வரவில்லை, அவர் இடத்தில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தான். இருட்டிவிட்டது. வளைவான கரையில் பாதி வழியில் இரண்டு பெரிய விளக்கும் ஒரே சமயத்தில் போயின. பழைய விளக்கைப் போட வேண்டும். "சுவிட்சைத் தட்டுயா, தட்டுயா" என்று காதர் கத்தியிருக்கிறார். மேஸ்திரி தட்டவில்லை, பயந்து குதித்துவிட்டான். காதர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வளைத்து அந்த ஓரத்துக்கு எட்டினார். அந்த எட்டலில்தான் சக்கரம் கரையை விட்டு இறங்கியது. டிரெய்லர் கவிழ்ந்தது. அதன் அடியில் முனியம்மா.

மழையில் நின்றபடி காதர் ஒடிந்த மணிக்கட்டோடு டிரெய்லரைத் தூக்கப் பார்த்தார் என்று அந்தப் பெண்களே எங்களிடம் சொன்னார்கள். இப்போது அவர்கள் அதைச் சொல்வதில்லை. யார் யார் எங்கே என்ன பேசினார்கள் என்று மேஸ்திரி ஒவ்வொரு குடிசையாகக் கேட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வயிறு அந்தப் பாத்தியில் இருக்கிறது. உன் வயிறு அங்கே இல்லை சவரி. உன் கையில் தொழில் இருக்கிறது. எந்த ஊரிலும் எந்த ஷெட்டிலும் உனக்குச் சோறு உண்டு.

விடியும் முன்பே முதலாளியிடமிருந்து உனக்கு ஆள் வந்தது. நீ என் கைத் துரப்பணத்தை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனாய். எனக்கு மனது சரியில்லை. பின்னாலேயே வந்தேன். திருவொற்றியூரில் முதலாளியின் கிடங்குக்குள் ஜீப்பை மாடு கட்டி இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். நீ மண்டியிட்டு விளக்கின் காலைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். தரையில் சிவப்பு சிவப்பாகப் பெயின்ட் செதில். சுவிட்ச் ஏற்கெனவே ஸ்டியரிங் பக்கம் வந்துவிட்டது. முதலாளி பக்கத்து ஓட்டை மேல் தகரத்துண்டு வைத்து அடைத்திருந்தாய்.

"டேய் சவரி, இன்னாடா பண்ணிகினுகீறே?"

நீ திரும்பிப் பார்க்கவில்லை. "பெயின்ட்டு நைனா. பெயின்ட்டு எர்த்தை அடைச்சிகிச்சி. நான்தான் பூசினேன்."

"சரி. தப்பு நடந்துபோச்சி. அத்த ஏன் இப்ப சுரண்டுறே? போலீசு வந்து பாக்கட்டும்."

"பாத்தா நான்தான் கொன்னேன்னு சொல்லுவாங்க."

"பாய் கதி?"

"பாய்க்கு ஒண்ணும் ஆவாதுன்னு மொதலாளி சொல்லிகீறாரு."

"மொதலாளி சொன்னாரா? நேத்தும் மொதலாளிதான் சொன்னாரு, சுவிட்சை அங்க வெய்யின்னு."

நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு ஒயரை விளக்குக் காலிலிருந்து பாட்டரி வரைக்கும் இழுத்துக் கட்டினாய். முதல் நாளே கட்டியிருக்க வேண்டிய ஒயர். முனியம்மா செத்த பிறகு அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அழகாகக் கட்டினாய். சோதனைக்கு வந்த அதிகாரி சுவிட்சைத் தட்டினார், விளக்கு எரிந்தது. வண்டியை உலுக்கச் சொன்னார், அப்போதும் எரிந்தது. விளக்கில் கோளாறு இல்லை, சுவிட்ச் டிரைவர் கையருகே இருக்கிறது, ஆகவே டிரைவர் பொய் சொல்கிறான் என்று முடிந்தது. மேஸ்திரி ஒரு படி மேலே போனான். காதர் குடித்திருந்தார், வேடிக்கைக்காக விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார் என்றான். மதுவிலக்கு அமலில் இருக்கிற நாளில் அந்த ஒரு சொல் போதும். காதர் எப்போதுமே குடிக்காதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். திருட்டுச் சரக்கு எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இந்தப் பொய் அவர் மேல் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தச் சாயங்காலம் வண்டி எடுக்கும் வரைக்கும் அவர் உன் ஷெட்டில் உன்னோடு உட்கார்ந்து டீ குடித்தார். அவர் வாயில் என்ன வாடை அடித்தது என்று உனக்குத் தெரியும். அதையும் நீ சொல்லவில்லை.

அந்த வாரமே முதலாளி உன்னைப் பெஜவாடாவில் தன் மைத்துனன் லாரி ஷெட்டுக்கு அனுப்பினார். ஜீப்பையும் எங்கோ வெளியூர்க்காரனுக்குத் தள்ளிவிட்டார். நீ பெட்டி கட்டியபோது நான் வாசலை மறித்து நின்றேன். அன்று நீ என்னிடம் கேட்டது என் மனதை விட்டுப் போகவில்லை. "உன் நியாயத்தை அடுப்புல வெச்சா வேவுமா நைனா? ஒரு தபா வெச்சிப் பாத்தோமே, வெந்துச்சா?"

அது எந்தத் தபா என்று எனக்குத் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கயிறு அறுந்து ஒரு ஆள் நசுங்கிச் செத்தபோது, அவன் நிற்கக்கூடாத இடத்தில் நின்றான் என்று எல்லோரும் சொல்ல வேண்டும் என்றார்கள். கயிறு மக்கிப்போயிருந்தது என்று நான் சொன்னேன். அன்று முதல் காலையில் ஆள் எடுக்கும் இடத்தில் என் முகத்தைப் பார்த்தால் துறைமுக மேஸ்திரி அடுத்தவனைக் கூப்பிடுவான். மாதக்கணக்கில் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்றோம். உன் அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி மீன் காய வைக்கிற இடத்தில் வேலைக்கு விட்டோம். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். அவள் கை இன்றைக்கும் உப்பில் வெடித்துக் கிடக்கிறது. அப்போது நீ அடுப்பு முன்னால் உட்கார்ந்து வெறும் பானையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். என்னைப் போல மட்டும் ஆகக்கூடாது என்று அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்தாய் போலிருக்கிறது. நான் சொன்ன உண்மைக்கு விலை கொடுத்தவர்கள் நீங்கள். அதற்காக நீ என்மேல் கோபப்படலாம். அதில் நான் வாதாட வரவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அன்று நாம் பட்டினி கிடந்ததற்குக் காரணம் நான் பேசியது மட்டும்தானா? கயிற்றின் பக்கத்தில் நின்ற மற்றவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லோரும் பேசியிருந்தால் யாரை ஒதுக்கியிருப்பார்கள்? கப்பலை யார் இறக்கியிருப்பார்கள்? ஒருவனைத் தனியாக்கித்தான் அவர்களால் அடிக்க முடிகிறது. இன்றைக்குத் தனியாக நிற்பவர் காதர். அவரைத் தனியாக்கியது முதலாளி மட்டும் இல்லை. முதலாளிக்கு ஒரு சுவிட்சைக் கழற்றிப் பூட்டத் தெரியாது. அதற்கு உன் கை வேண்டியிருந்தது. அவர்களுடைய எல்லாக் காரியத்துக்கும் நம்மில் ஒருவன் கை வேண்டியிருக்கிறது. இதை நீ புரிந்துகொள்ளாமல் என்ன தொழில் கற்று என்ன பயன்?

காதரின் மனைவி நூர்ஜான் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். உன் அம்மா அவளை உட்காரச் சொன்னாள்; அவள் உட்காரவில்லை.

"அண்ணே, உன் புள்ள சாதம் துன்றப்ப அவரு பக்கத்துல குந்திகினு துன்னவரு. தோஸ்து தோஸ்துன்னு சொல்லிகினு கெடப்பாரு. ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. நான் வேற இன்னா கேட்டேன்?"

"எழுதிகீறேம்மா" என்றேன்.

"எழுதிகினே இரு. அவரு உள்ள போய்ட்டா எனக்குக் கூட நீ எழுதலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு உன் அம்மா சுவரைப் பார்த்தபடி, "சவரியப் புடிச்சி உள்ள போட்ருவாங்களாய்யா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை, உன்னிடமும் சொல்ல மாட்டேன். நீ வந்து சொன்னால் உனக்குத் தண்டனை வரலாம். பெயின்ட் பூசியதற்கு வராமல் போகலாம், சுவிட்சை மாற்றியதற்கு வரலாம். அந்தப் பழக்கத்தை அவனுக்குக் கொடுத்தவன் நான், டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்ததும் நான் என்று உன் பக்கத்தில் நின்று சொல்கிறேன். சங்கம் வக்கீல் வைக்கும். அதற்கு மேல் எந்த உறுதியும் என்னிடம் இல்லை.

நான் மட்டும் போய்ச் சொன்னால் போதாதா என்று காதரின் வக்கீலைக் கேட்டுப் பார்த்தேன். ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னேன். "உன் பையனைக் கூட்டியா, அவன் சொல்லட்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். வக்கீலும் அதையே சொன்னார். "நீங்க ஷெட்டுல பாத்தது சரி, கிடங்குல பாத்ததும் சரி. ஆனா நீங்க சங்கத்து ஆளு, மொதலாளி மேல கோவம்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. வண்டியும் இல்ல. மாட்டினவன் வாயால வந்தாத்தான் நிக்கும்." எப்படியும் நான் கூண்டில் ஏறத்தான் போகிறேன். ஆனால் நான் ஏறுவது காதரைக் காப்பாற்றாது. நீ ஏறினால் காப்பாற்றும்.

அதனால்தான் நேற்று போஸ்டாபீசுக்குப் போய் உன் லாரி ஷெட்டுக்கு வெளியூர் டெலிபோன், டிரங்கால், போட்டேன். முதலில் ஒரு தெலுங்குக் குரல். அப்புறம் உன்னைக் கூப்பிட்டார்கள். பின்னால் தகரம் தட்டுகிற சத்தம். "நான்தான்டா" என்றேன். நீ "ம்" என்றாய். "காதர் கேசை அடுத்த வாரம் எடுக்கிறாங்க. வந்து உள்ளத சொல்றியா?" தகரம் தட்டிக்கொண்டே இருந்தது. "சவரி, வர்றியா, வரலியா?" தட்டுகிற சத்தம் நின்றுபோனது. நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய் என்று நினைத்தேன், அதையும் கேட்கவில்லை. கடைசியில் கம்பிக்குள் இரைச்சல்தான் மிச்சம். போஸ்டாபீசில் இருந்த பெண், "பேசி முடிச்சிட்டீங்களா?" என்றாள். நான் முடித்துவிட்டேன் என்றேன்.

நீ கோழை என்று நான் நம்பவில்லை. கோழையாக இருந்தால் ரிசீவரை உடனே வைத்திருப்பாய். நீ வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே நின்றாய். அந்த மூச்சை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

கேசு அன்று காலை பெஜவாடா வண்டி வரும்போது சென்ட்ரல் ஸ்டேஷனில் நிற்பேன். உன் அம்மாவும் வருவாள். காதரைக் கூண்டில் ஏற்றும் முன் நீ அங்கே இருக்க வேண்டும். நடந்தது எல்லாவற்றையும், முதலாளி உன்னிடம் சொன்னதையும் நீ செய்ததையும், உன் வாயால் சொல்ல வேண்டும். வருகிறேன் என்று ஒரு வரி எழுது. இல்லை, வர மாட்டேன் என்றாவது எழுது, சவரி.